வேலூருக்கு வந்து தங்கிய சாமிகள்

பொழுது சாயும் நேரத்தில் பாபு ராவ் தெருப் பக்கம் ஏதோ ஒரு மாடியிலிருந்து சங்குச் சத்தம் வந்தால், வேலூர்க் காது அதைச் சாவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். நமக்குக் கோயிலுக்குள் சங்கு ஊதினால் சாமி, தெருவில் ஊதினால் பாடை. ‘சங்கு ஊதிட்டாங்க’ என்றாலே ஆள் போய்விட்டார் என்று பொருள். ஆனால் அந்த லாட்ஜ் மாடியில் ஊதுகிறவர் வங்காளத்து அம்மா ஒருவர். விளக்கு ஏற்றிய கையோடு மூன்று முறை ஊதுவது அவருக்கு அந்திப் பூசை. ஊரில் அப்பாவோ, கணவரோ, பிள்ளையோ நோயில் விழுந்த நாளிலிருந்து அதை ஒருநாளும் விட்டிருக்க மாட்டார்.

கீழ்வீட்டுக்காரர் பதறி மேலே ஓடி வருவதும், ‘ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க இருக்கிற இடத்துல சங்கு ஊதறியே’ என்று சத்தம் போடுவதும், அந்த அம்மாவுக்கு என்ன தப்பு செய்தோம் என்றே புரியாமல் கண் கலங்குவதும் இந்தப் பக்கத்தில் புதிதல்ல. இரண்டு பேர் மேலும் குற்றமில்லை. அறை கொடுக்கும்போதே ‘சாயங்காலம் சங்கு ஊதுவீங்களா’ என்று கேட்டுவிட்டு, அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் முடிந்தது. கூடவே வரும் குலவையையும், அதாவது நாக்கைச் சுழற்றி எழுப்பும் மங்கல ஒலியையும், சொல்லிவிடுங்கள். மதுரை, நெல்லைப் பக்கத்தில் குலவை எல்லோருக்கும் பழக்கம். வட ஆர்க்காட்டில் அரிது என்பதால் அதையும் அழுகை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அகலச் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையும் இப்படித்தான். நம் கண்ணுக்கு வெள்ளைப் புடவை வேறு எதையோ சொல்லும்; அவர்களுக்கு அது சுமங்கலிகள் பூசை நாளில் உடுத்துவது.

1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியம்தான் இன்றைக்கு சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, மிசோரம், எல்லை தாண்டி வங்கதேசம் என்று நோயாளிகள் வண்டி வண்டியாகக் காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். காந்தி ரோட்டில் பலகைகள் வங்காள மொழியிலும் இந்தியிலும் தொங்குகின்றன. வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். வெளியூர் மக்களின் வழிபாட்டைப் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் கோபுரத்தையும் மினாரையும் தேடுகிறார்கள். வேலூரில் அது பத்துக்குப் பத்து வாடகை அறையில், கேஸ் அடுப்புக்கும் மாத்திரைப் பெட்டிக்கும் நடுவில் இருக்கிறது. வேடிக்கை பார்க்கப் போகிற இடம் அல்ல அது. அறை விடுகிறவர், பக்கத்து வீட்டுக்காரர், பூக்கடைக்காரர், ஆட்டோக்காரர் ஆகியோருக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் கலசம். வியாழக்கிழமை என்றால் வங்காள வீடுகளில் லட்சுமி பூசை. நாம் வெள்ளி பார்ப்போம், அவர்கள் வியாழன். ‘பாஞ்சாலி படிக்கணும்’ என்பார்கள். திரௌபதி அம்மன் கோயிலும் பாரதக் கூத்துமாக வளர்ந்த நம் ஊர்க்காரருக்குச் சட்டென்று அல்லி, அர்ச்சுனன் எல்லாம் ஞாபகம் வரும். அது வேறு; இது லட்சுமியின் மகிமையைச் சொல்லும் பாட்டுக் கதை, சின்னப் புத்தகமாக ஊரிலிருந்தே கொண்டுவந்திருப்பார்கள்.

அவர்கள் கலசமும் நம்முடையதும் அண்ணன் தம்பி மாதிரி. அரை லிட்டர் பிடிக்கிற செம்போ மண்குடமோ போதும். அடியில் ஒரு கைப்பிடி மண், அதன்மேல் கொஞ்சம் நெல், அதன்மேல் குடம். குடத்தின் வயிற்றில் எண்ணெயில் குழைத்த குங்குமத்தால் ஒரு சின்ன உருவம் போடுவார்கள். வாயில் மாவிலை வைப்பதில்தான் முதல் சிக்கல். உதிரி இலை ஆகாது, ஒரே கொத்தில் ஐந்து இலை இருக்க வேண்டும், ஓர் இலையும் கிழிந்திருக்கக் கூடாது. நேதாஜி மார்க்கெட்டில் தோரணத்துக்கு என்று கேட்டால் உதிரி இலையை அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். ‘நுனிக் கொத்தா குடுங்க’ என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் தேங்காய். நாம் வைப்பது முற்றிய காய், மஞ்சள் பூசியது. அவர்களுக்கு வேண்டியது காம்பு ஒடியாத பச்சை இளநீர். இளநீர்க்காரரிடம் போய் நின்றால் கை பழக்கத்தில் தலையைச் சீவி ஸ்ட்ராவைச் செருகிவிடுவார். ‘வெட்டாதீங்க, காம்போட, இருக்கிறதிலேயே சின்னது’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெரிய இளநீரைச் சின்னச் செம்பின்மேல் வைத்தால் கலசம் கவிழும். பூசையில் கலசம் கவிழ்வதை, அதுவும் ஆபரேஷனுக்கு முந்தின நாள், எந்தக் குடும்பமும் தாங்காது. குரும்பைக்கும் இளநீருக்கும் நடுவில் உள்ள அளவு சரியாக உட்காரும். கிடைக்கவில்லை என்றால் வாழைப்பழமோ பாக்கோ வைத்து ஒப்பேற்றுவதும் உண்டு. அதைச் சொல்லித் தேற்றலாம். அவர்களுக்கே தெரிந்திருக்கும், ஆனால் வெளியூரில் குறை வைத்துவிடுவோமோ என்று பயம்.

அருகம்புல், வில்வம், செம்பருத்தி எல்லாம் நம் பூக்கடையிலேயே இருக்கிறது. லட்சுமிக்குத் துளசி வைக்க மாட்டார்கள், மணியும் ஆட்ட மாட்டார்கள். அன்பாக நாம் துளசி மாலை வாங்கிக் கொடுத்தால் தர்மசங்கடப்பட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாம்பிராணி மாதிரி அவர்கள் போடுவது குங்கிலியம். நாட்டு மருந்துக் கடையில் அதே பெயரில் கேட்டால் கிடைக்கும். தேங்காய் நாரைப் பற்றவைத்து மேலே தூவுவார்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அறையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோ, ஆக்ஸிஜன் மெஷினோ இருந்தால் விளக்கு, ஊதுபத்தி, குங்கிலியம் எதுவும் அந்த அறையில் கூடாது. ஆக்ஸிஜன் தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் உள்ள பஞ்சு, போர்வை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் சட்டென்று பிடித்து எரிய வைக்கும். வராந்தாவிலோ மொட்டை மாடியிலோ ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள். கிட்னியோ எலும்பு மஜ்ஜையோ மாற்றியவர், கீமோ போட்டுக்கொள்கிறவர் அறையில் பூ, மண், ஊறிய நெல், தீர்த்தம், நறுக்கி வைத்த பழப் பிரசாதம் இவற்றில் கிருமி பெருகும் என்பதால் டாக்டர்கள் விலக்கச் சொல்வார்கள். ‘சாமி காரியத்தைத் தடுக்கிறாங்க’ என்று தோன்றாமல் இருக்க, பூசையைப் பக்கத்து அறைக்கு மாற்றிக் கொடுப்பதுதான் மரியாதை.

அல்பனா என்பது நம் மாக்கோலம். ஒரு கைப்பிடி பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மைய அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்து, துணித் துண்டை அதில் நனைத்துப் பிழிந்து மோதிர விரல் வழியாக இழுப்பார்கள். நீர்த்துப் போனால் காய்ந்ததும் தெரியாது. கெட்டியானால் பொரிந்து உதிர்ந்து எறும்பு வரும். வாசலிலிருந்து உள்நோக்கி லட்சுமி பாதம் போடுவதும் உண்டு, நம் கோகுலாஷ்டமிப் பாதம் போல. லாட்ஜ் படிக்கட்டில் போட்டால் மிதிபட்டு மனக்கஷ்டம் ஆகும், அறை நிலைப்படிக்குள்ளே போடச் சொல்லுங்கள். டைல்ஸ் தரையிலிருந்து எடுக்க, ஈரத் துணியை ஐந்து நிமிடம் போட்டுவைத்துத் துடைத்தால் போதும். பிளேடால் சுரண்டித் தரையைக் கெடுத்துக்கொண்டு வாடகைக்காரர் மேல் பழி போடாதீர்கள்.

இனி வளையல். இதை ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற எவரும் பார்த்திருப்பார்கள். கல்யாணமான வங்காள இந்துப் பெண் கையில் மூன்று இருக்கும்: சங்கை அறுத்துச் செய்த வெள்ளை வளை, சிவப்பு வளை, ஓர் இரும்பு வளை. இரும்பு வளையின் பெயர் ‘நோவா’. நம் காதில் ‘வலிக்கிறதா’ என்று கேட்பது போல விழும். பலர் அதற்குத் தங்கத் தகடு சுற்றியிருப்பார்கள், அதனால் பார்த்தால் தங்க வளையல் போலத்தான் தெரியும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும்போது சிக்கல் இங்கேதான். தங்கம், சங்கு இரண்டையும் காந்தம் இழுக்காது. உள்ளே இருக்கும் இரும்பை இழுக்கும். ‘நகை எல்லாம் கழற்றிட்டீங்களா’ என்று கேட்டால் தலையாட்டுவார், ஏனென்றால் அவர் கணக்கில் அது நகை அல்ல, நம் தாலி மாதிரி. ‘கையில் இரும்பு இருக்கிறதா’ என்று தனியாகக் கேட்க வேண்டும்.

சங்கு வளை மெல்லியது, விண்ணென்று தட்டினால் விண்டுபோகும். குளுக்கோஸ் ஏறி, கை வீங்கிய பிறகு கழற்றப் பார்த்தால் உடையும். ஆபரேஷன் தேதி தெரிந்ததுமே, வீக்கம் வருவதற்கு முன், சோப்புத் தண்ணீரில் கையைக் குளிரவைத்து, கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய கையை வெறுமனே விட மாட்டார்கள், சிவப்பு நூல் ஒன்று கட்டிக்கொள்வார்கள். அதையும் நர்சிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒருவேளை உடைந்துவிட்டால் ‘உடைந்துவிட்டது’ என்று வாயால் சொல்ல மாட்டார்கள். ‘வளர்ந்துவிட்டது’ என்பார்கள். தாலிக்கயிறு அறுந்தால் ‘பெருகிவிட்டது’ என்று சொல்லும் நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. அறையைக் கூட்டும்போது வெள்ளைச் சில்லு கிடந்தால் குப்பையில் தள்ளாமல் எடுத்துக் கொடுங்கள். தண்ணீரில்தான் விடுவார்கள்.

முஸ்லிம் நோயாளிகளுக்கு வேலூரில் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. பள்ளிவாசல்கள் நடக்கிற தூரம். ஷா அப்துல் வஹாப் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியும் இங்கேதான். வங்காள முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபி என்னும் சட்டப் பிரிவினர், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உருது முஸ்லிம்களும் ஹனஃபி என்பதால் அஸர் என்னும் பிற்பகல் தொழுகை நேரத்தில்கூடக் குழப்பமில்லை. படுத்த படுக்கையாக அறையிலேயே தொழுகிறவருக்குத்தான் இரண்டு பிழைகள் வரும்.

ஒன்று திசை. கொல்கத்தாவிலும் டாக்காவிலும் கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் மக்கா திசை, மேற்கிலிருந்து சுமார் 8 பாகைதான் வடக்கே சாய்ந்தது. ஏறத்தாழ நேர் மேற்கு. வேலூரில் அது சுமார் 18 பாகை. ஊர்ப் பழக்கத்தில் மேற்கே நேராக விரிப்பைப் போட்டால் சரியாக வராது; வலது பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். போன் திசைகாட்டியை இரும்புக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முள் தப்பும். ஜன்னல் ஓரம் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, அறைக் கூரையில் ஓர் அம்புக்குறி ஒட்டிவிட்டால் அடுத்து வருகிறவருக்கும் உதவும்.

இன்னொன்று நேரம். போனில் ஊர்ப் பெயர் கொல்கத்தா என்றே இருந்தால் சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகை நேரத்தை முன்னாலேயே காட்டும். அங்கே சூரியன் நமக்கு முன்பே விழுகிறது; ஜூனில் இருபது நிமிடத்தை ஒட்டி, டிசம்பரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நோன்பு மாதத்தில் அதை நம்பித் திறந்தால் அந்த நோன்பு போச்சு. வங்கதேசத்துக்காரர் கைக்கடிகாரம் நமக்கு அரை மணி முன்னால் ஓடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாட்ஜ் கவுன்டரில் பக்கத்துப் பள்ளியின் நேர அட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் போதும்.

மிசோரம், நாகாலாந்து, மணிப்பூர்க் கிறிஸ்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே தேவாலயம் இருக்கிறது. நம் தமிழ்ச் சபைகள் பலவற்றில் செருப்பை வாசலில் விட்டுப் போவோம், அவர்கள் ஊரில் ஷூவோடு உட்காருவார்கள். வாசலில் தயங்கி நின்றால் அதுதான் காரணம். மிசோக்காரர்கள் நான்கு பேர் கூடினால் பாட்டை நான்கு குரலாகப் பிரித்துப் பாடுவார்கள். அறைச் சுவர் மெல்லியது என்றால் ஞாயிறு மதியம் மொட்டை மாடியைத் திறந்துவிடுங்கள். கேட்கிறவருக்கும் நல்லதுதான்.

கொல்கத்தாவுக்கும் வேலூருக்கும் இந்தப் போக்குவரத்து இன்று நேற்று வந்ததல்ல. முதல் பயணம் இங்கிருந்து அங்கே போனது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தை வெள்ளைக்காரர்கள் வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு, இவர்கள் இங்கே இருப்பது ஆபத்து என்று கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். திப்புவின் கடைசி மகன் குலாம் முகமது கட்டியதுதான் கொல்கத்தா தர்மதலாவில் நிற்கிற, 1842ஆம் ஆண்டுப் பள்ளிவாசல். போகாமல் இங்கேயே மண்ணானவர்களும் உண்டு. ஹைதர் அலியின் மனைவி பக்‌ஷி பேகம் உட்பட அந்தக் குடும்பத்தின் கல்லறைகள் கோட்டைக்கு வெளியே, கொஞ்ச தூரத்திலேயே இருக்கின்றன. கொல்கத்தாவிலிருந்து வந்தவர் ‘பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது’ என்று கேட்டால் ஆட்டோக்காரர் பொற்கோயிலை மட்டும் சொல்லாமல் இதையும் சொல்லலாம்.

அதே கோட்டையில் இன்னொரு கைதி, இலங்கையில் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்த பெயர் கண்ணுசாமி, நாயக்க வம்சம். 1815இல் பிடிபட்டு, அடுத்த ஆண்டு கப்பலேற்றப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று வேலூரில் இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு 1990இல் தமிழக அரசு எழுப்பியது முத்து மண்டபம். புத்தரின் பல்லை வைத்து வழிபடும் கண்டி தலதா மாளிகையில் எட்டுப்பட்டை மண்டபத்தைக் கட்டியவர் என்பதால் சிங்களப் பௌத்தர்களும் வெள்ளை உடுத்தி, பூவோடு வருவார்கள். மறுபடியும் வெள்ளைதான், கோயிலுக்குப் போகிற உடை அது. இது கல்லறை. நம் ஆட்கள் ராஜா என்றதும் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைக்கக் கிளம்ப வேண்டாம்.

கோட்டைக்குள் நுழைந்தவர் ஜலகண்டேஸ்வரரைப் பார்க்காமல் திரும்ப மாட்டார். இவரும் ஒருவகையில் வெளியூர் போய்த் திரும்பியவரே. நூற்றாண்டுக் கணக்கில் கருவறை வெறுமையாகக் கிடக்க, லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்து, 1981 மார்ச்சில்தான் உள்ளே வந்தது. வங்காளத்துப் பக்தர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். தாரகேஸ்வரிலோ காசியிலோ அவரவர் கையாலேயே லிங்கத்தின்மேல் தண்ணீர் விட்டுப் பழகியவர்கள். கங்கைத் தண்ணீர் பாட்டிலோடு நேராக உள்ளே போகப் பார்ப்பார்கள். குருக்கள் தடுத்ததும் அவமானமாக நினைப்பார்கள். பாலும் வில்வமும் வாங்கிக் கொடுத்து அபிஷேகத்துக்குச் சேர்க்கலாம் என்பதைக் கூடப் போகிறவர் முன்பே சொல்ல வேண்டும். அர்ச்சனையில் நட்சத்திரம் கேட்டால் விழிப்பார்கள். கோத்திரம் நன்றாகத் தெரியும். பெயரும் கோத்திரமும் சொன்னாலே போதும், குருக்கள் பார்த்துக்கொள்வார். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலை 11 மணிக்குள் போய்விடுவது நல்லது.

ஸ்ரீபுரம் பொற்கோயில் எல்லோருக்கும் தெரியும். 2007 ஆகஸ்ட் 24 குடமுழுக்கு, 1500 கிலோ தங்கம் என்பதை ஆட்டோவிலேயே சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விடுவது நட்சத்திர வடிவப் பாதை சுமார் 1.8 கிலோமீட்டர் நடை என்பதை. தையல் பிரிக்காதவர், டயாலிசிஸ் முடித்த நாள், முழங்கால் வலிக்காரர் அன்றைக்குப் போக வேண்டாம்.

கடைசியாகத் தண்ணீர். நமக்குச் சரஸ்வதி பூசை நவராத்திரியில். அவர்களுக்குத் தை, மாசிப் பக்கம் வளர்பிறைப் பஞ்சமியில். அதுவரை பிள்ளைகள் இலந்தைப்பழம் தின்னக் கூடாது என்பது வழக்கம். நம் தள்ளுவண்டியில் இலந்தை குவிந்து கிடக்கிற மாதம் வேறு. பாவம், நோயாளியோடு வந்த பொடிசுகள் பார்த்துக்கொண்டே போகும். விநாயகர் சதுர்த்திக்குப் பச்சை மண் பிள்ளையார் தெருவுக்குத் தெரு கிடைப்பது போல சரஸ்வதி கிடைக்காது. ஊரிலிருந்து ஒரு சாண் உயரச் சிலையைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள், அல்லது படத்தை வைப்பார்கள். படம் என்றால் பிரச்சினை இல்லை. சிலை என்றால் மறுநாள் கரைக்க வேண்டும், பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. கோட்டை அகழி பக்கத்தில் இருக்கிறதே என்று அதில் போடக் கூடாது; அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்.

15 லிட்டர் பக்கெட் போதும். முதலில் பூ, காகித நகை, துணி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சுட்ட மண்ணோ, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோ என்றால் எத்தனை நாளானாலும் கரையாது. ஈர விரலால் அடியில் தேய்த்துப் பார்த்தால், விரலில் சேறு ஒட்டினால் பச்சை மண். சிலை முழுகும் அளவு தண்ணீர் விட்டு ஓர் இரவு விட்டால் காலையில் மண் அடியில் இறங்கிவிடும், உள்ளே கட்டிய வைக்கோலும் குச்சியும் மேலே மிதக்கும். தெளிந்த தண்ணீரை முதலில் சாய்த்து எடுத்துவிட்டு, அடி மண்ணை மாடித் தொட்டியில் கொட்டலாம். பக்கெட்டோடு பாத்ரூம் ஓட்டையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும், அப்புறம் லாட்ஜ் முழுக்கச் சண்டை. வைக்கோலை நன்றாகக் காயவைத்த பிறகே குப்பையில் சேருங்கள். ஈரத்தோடு தெருமுனையில் போட்டால் மாடு இழுத்துப் போட்டு, பூசை செய்த அம்மா ஓ.பி.க்குப் போகிற வழியெல்லாம் அது சிதறிக் கிடக்கும்.